பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குவது ஏன்? எஸ்யூவி பின்விளக்குகள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பின்விளக்குப் பிரச்சினைதான் அதிகம். ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே கதை: பல்ப் மாற்றினேன், சரியாகவில்லை, இன்னொரு பல்ப் மாற்றினேன், அதுவும் சரியாகவில்லை, இப்போது முழு லைட்டையே மாற்றச் சொல்கிறார்கள். அதனால் இந்தப் பகுதி முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த விளக்கு, எப்போது, எதோடு சேர்ந்து தப்பாக நடக்கிறது என்று பொறுமையாகப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்தத் தாளே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: எங்களுடையது ஏழு பேர் உட்காரும் பழைய எஸ்யூவி. இடது பக்கப் பின்விளக்கு மட்டும் விசித்திரமாக நடக்கிறது. பகலில் பிரேக் மிதித்தால் சுமாராக எரிகிறது. இரவில் லைட் போட்ட பிறகு பிரேக் மிதித்தால் அந்தப் பக்கம் மொத்தமும் மங்கிப் போகிறது, கூடவே இண்டிகேட்டரும் லேசாக மினுங்குகிறது. வலது பக்கம் எந்தக் குறையும் இல்லை. பல்ப் எல்லாம் புதிது. முழு லேம்ப்பையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள், மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பது எர்த் (பல்ப்பிலிருந்து மின்சாரம் வண்டியின் உலோக பாடிக்குத் திரும்பிப் போகும் இணைப்பு) சரியில்லாத விளக்கின் அடையாளம், அச்சு அசலாக.

பின்விளக்கில் பெரும்பாலும் ஒரே பல்ப்புக்குள் இரண்டு இழைகள் இருக்கும். 5 வாட் இழை டெயில் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் மின்சாரம் தனித்தனி ஒயரில் வருகிறது, ஆனால் திரும்பிப் போகும் வழி ஒன்றுதான். இண்டிகேட்டர், ரிவர்ஸ் பல்ப்புகளும் பல வண்டிகளில் அதே எர்த் ஒயரைத்தான் நம்பியிருக்கின்றன. அந்த ஒரு ஒயர் துருப்பிடித்தோ தளர்ந்தோ போய்விட்டால், பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் பாடிக்குப் போக முடியாமல் பக்கத்து இழைக்குள் புகுந்து, டெயில் லைட் ஒயர் வழியாகவோ இண்டிகேட்டர் ஒயர் வழியாகவோ பின்னோக்கி ஓடி, மறுபக்கத்துப் பல்ப்பின் நல்ல எர்த்தைத் தேடிப் போகும். பிரேக்குக்குச் சம்பந்தமே இல்லாத இண்டிகேட்டர் மினுங்குவது இதனால்தான். இரவில் டெயில், பிரேக் இரண்டு ஒயரிலும் ஒரே நேரத்தில் 12 வோல்ட் இருப்பதால் அந்தத் திருட்டு வழியும் அடைபட்டுவிடுகிறது, விளக்கு மொத்தமாக மங்குகிறது. பின்னால் வருகிறவருக்கு உங்கள் பிரேக் மிக அவசியமாகத் தெரிய வேண்டிய இரவு நேரத்தில்தான் அது தெரியாமல் போகிறது, எனவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதை உறுதிசெய்ய ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி நிலையில் வைத்து, டெயில் லைட்டைப் போட்டு, ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். கறுப்பு முனையை பெயின்ட் இல்லாத ஒரு நல்ல பாடி போல்ட்டில் வையுங்கள், டிக்கி பூட்டு மாட்டும் கொக்கியின் போல்ட் இதற்கு வசதியானது. சிவப்பு முனையை பல்ப் ஹோல்டரின் எர்த் ஒயரில், கப்ளர் (ஒயர்களை லேம்ப்போடு இணைக்கும் பிளாஸ்டிக் பிளக்) பொருத்தியிருக்கும்போதே அதன் பின்பக்கமாக, தொடுங்கள். 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று காட்டினால் குற்றவாளி சிக்கிவிட்டான். விளக்கை அணைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மின்சாரம் ஓடாதபோது கெட்ட எர்த்தும் நல்ல எர்த் போலத்தான் காட்டும், பலரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு வோல்ட்தானே குறைகிறது என்று நினைக்க வேண்டாம். இழை பல்ப்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

மல்டிமீட்டர் இல்லையா, ஒரு மீட்டர் ஒயரை எடுத்து ஒரு முனையை அந்த எர்த்திலும் மறு முனையை சுத்தமான பாடி போல்ட்டிலும் பிடியுங்கள். விளக்கு பளிச்சென்று சரியாகிவிட்டால் அதுவே நிரூபணம்.

சரிசெய்வது எப்படி என்றால், அந்த ஒயர் முடியும் வளைய முனை பெரும்பாலும் டிக்கியின் பக்கவாட்டு பிளாஸ்டிக்குக்குப் பின்னால் பாடியில் முடுக்கியிருக்கும். அந்த போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் பாடியில் அது உட்காரும் இடத்தையும் உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கமாக முடுக்கிவிட்டு, அதன்மேல் கொஞ்சம் கிரீஸ் பூசுங்கள். முதலில் இறுக்கம், அப்புறம்தான் கிரீஸ். அங்கே எல்லாம் சரியாக இருந்து, ஒயரின் மறுமுனையில் மட்டும் வோல்டேஜ் விழுகிறது என்றால் கப்ளரைப் பாருங்கள். எர்த் பின் இருக்கும் இடம் பழுப்பேறி உருகியிருக்கிறதா? பல்ப்புகள் உட்காரும் பிளாஸ்டிக் தட்டில் உள்ள தகடுகள் கறுத்து விரிந்து போயிருக்கின்றனவா? அப்படியிருந்தால் அந்தத் தட்டையும் கப்ளரையும் மட்டும் மாற்றினால் போதும், பல வண்டிகளுக்கு அவை தனியாகக் கிடைக்கின்றன. உருகிய கப்ளரை விட்டுவிட்டு லேம்ப்பை மட்டும் புதிதாகப் போட்டால், அந்தச் சூடு புது லேம்ப்பையும் சீக்கிரமே கெடுத்துவிடும்.

லேம்ப்பைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான எஸ்யூவிகளில் டிக்கிக் கதவைத் திறந்தால் தெரியும் இரண்டு ஸ்க்ரூ, அதோடு வெளிப்பக்கம் பாடிக்குள் செருகியிருக்கும் பிளாஸ்டிக் குமிழ்கள், இவைதான் பிடிமானம். ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகு நேராகப் பின்னோக்கி இழுங்கள். பக்கவாட்டில் திருகினால் குமிழ் உடைந்துவிடும். ஓரத்து பெயின்ட்டில் முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள்.

கேள்வி: பகலில் லைட் எதுவும் போடாமல் பிரேக் மிதித்தால் டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன! போன வாரம்தான் பின்னால் ஒரு பல்ப் மாற்றினோம். கம்ப்யூட்டர் கெட்டுவிட்டதா?

பதில்: கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள், போன வாரம் போட்ட பல்ப்பை எடுத்துப் பாருங்கள். இரண்டு இழை பல்ப் போட வேண்டிய இடத்தில் ஒற்றை இழை பல்ப்பை அழுத்தி நுழைத்திருப்பார்கள். இரட்டை இழை பல்ப்பின் அடியில் இரண்டு ஈயப் புள்ளிகள் இருக்கும், பக்கவாட்டுக் குமிழ்கள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக இருக்கும், தலைகீழாக உட்காரக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. ஒற்றை இழை பல்ப்பின் அடியில் இருக்கும் ஒரே பெரிய புள்ளி, ஹோல்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிடும். பிரேக்குக்கு வரும் மின்சாரம் டெயில் லைட் ஒயருக்குள் புகுந்து, அதே லைனில் இருக்கும் டேஷ்போர்டு வரை போய்ச் சேர்கிறது. பல்ப் சரியானதுதான் என்றால் கண்ணாடிக்குள் உற்றுப் பாருங்கள், ஒரு இழை அறுந்து மற்றதன்மேல் விழுந்து ஒட்டியிருந்தாலும் இதே விளைவுதான்.

கேள்வி: டெயில் லைட் ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. 10 ஆம்பியர் போட்டிருக்கிறது. 20 போட்டுவிட்டால் நிற்கும் என்கிறார் நண்பர்.

பதில்: நிற்கும், ஃப்யூஸ் போவது நிற்கும். அதற்குப் பதில் ஒயர் எரியும். ஃப்யூஸ் என்பது அந்த ஒயர் தாங்கும் அளவைப் பார்த்துப் போட்டது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20 என்று நிறம் வைத்திருப்பதே தவறிப் போய்க்கூட மாற்றிப் போடக் கூடாது என்பதற்காகத்தான். குழந்தைகள் உட்காரும் மூன்றாவது வரிசை சீட்டுக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக்குக்குள் அந்த ஒயர் ஓடுகிறது. தயவுசெய்து வேண்டாம்.

ஃப்யூஸ் அடிக்கடி போனால் பெரும்பாலும் எங்கோ ஷார்ட் இருக்கிறது, அதாவது மின்சாரம் பல்ப்புக்குப் போகாமல் நேராக பாடிக்குப் பாய்கிறது. அது எங்கே என்று கண்டுபிடிக்க, ஃப்யூஸுக்கு மேல் ஃப்யூஸ் போட்டு வீணாக்க வேண்டியதில்லை. ஒரு 21 வாட் பல்ப்பில் இரண்டு ஒயர் இணைத்து, அந்த இரண்டு முனைகளையும் ஃப்யூஸ் இருந்த இடத்தின் இரண்டு பிளவுகளில் செருகுங்கள். அந்த லைனில் இருக்கும் டெயில், நம்பர் பிளேட், பார்க்கிங் பல்ப்புகளை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், எல்இடி லேம்ப் என்றால் கப்ளரைப் பிரித்துவிடுங்கள். இப்போது லைட் ஸ்விட்சைப் போட்டதும் உங்கள் சோதனை பல்ப் முழு வெளிச்சத்தோடு எரிந்தால் ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பல்ப் வழியாக இரண்டு ஆம்பியருக்கு மேல் ஓட முடியாது என்பதால் ஒயருக்கு ஆபத்தில்லை. அப்படியே எரியவிட்டு, ஒயரிங்கை ஒவ்வொரு இடமாக அசைத்துக்கொண்டும் கப்ளர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டும் போங்கள். எந்த இடத்தைத் தொட்டதும் பல்ப் அணைகிறதோ அங்கேதான் விஷயம்.

எங்கே முதலில் தேடுவது? வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் கொக்கி மாட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போங்கள். அதற்கு மின்சாரம் எடுக்க, நல்ல ஒயரின் தோலைக் கத்தி போல் கிழித்துக் கவ்வும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் போட்டிருப்பார்கள், அவற்றுக்குள் தண்ணீர் புகுந்து செம்பு பச்சையாகக் களிம்பேறி இருக்கும். அடுத்தது நம்பர் பிளேட் விளக்கின் ஹோல்டர். அதற்கடுத்து, டிக்கி கதவுக்குப் போகும் ரப்பர் குழாய், அதைப் பற்றி இன்னொரு வாசகரே கேட்டிருக்கிறார்.

கேள்வி: டிக்கி கதவைத் திறந்து மூடினால் கதவில் இருக்கும் உள்பக்க டெயில் லைட் சில நேரம் எரிகிறது, சில நேரம் இல்லை. இப்போது நம்பர் பிளேட் விளக்கும் பின் வைப்பரும் சேர்ந்து நின்றுவிட்டன. ரிவர்ஸ் கேமராவும் விட்டுவிட்டு வருகிறது. இத்தனையும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகுமா?

பதில்: இத்தனையும் கெட்டுப்போகவில்லை. இவற்றுக்கெல்லாம் போகும் ஒயர்கள் ஒரே இடத்தில் கெட்டிருக்கின்றன.

டிக்கி கதவுக்கும் கூரைக்கும் நடுவே, கீலுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். கதவு பக்கவாட்டில் திறக்கும் வண்டியாக இருந்தால் அது பக்கத்தில் இருக்கும். கதவு சம்பந்தப்பட்ட அத்தனை ஒயர்களும் அதற்குள்தான் போகின்றன, ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே இடத்தில் மடிந்து நிமிர்கின்றன. குடும்ப வண்டியில் டிக்கி எத்தனை முறை திறந்து மூடப்படுகிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வருடங்கள் போகப் போக ஒயரின் தோல் வெடித்து, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். வெளியே பார்த்தால் ரப்பர் புதிதுபோல இருக்கும். பல மெக்கானிக்குகள் இதைத் திறந்துகூடப் பார்க்காமல் வைப்பர் மோட்டாரை மாற்றச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ரப்பரின் ஒரு முனையை மெதுவாகப் பிடுங்கி வெளியே இழுத்து, ஒவ்வொரு ஒயரையும் இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். அறுந்த ஒயர் ரப்பர்போல நீளும், ஏனென்றால் உள்ளே செம்பு இல்லை, தோல் மட்டும்தான் பிடித்திருக்கிறது. ஒன்று அறுந்திருந்தால் பக்கத்தில் இருக்கும் நாலைந்தும் அறுகிற நிலையில்தான் இருக்கும், எனவே ஒன்றை மட்டும் முறுக்கி டேப் சுற்றி மூடிவிடாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முதலில் போட்டோ எடுத்துக்கொண்டு, அதே தடிமனில் இழை அதிகமுள்ள வளையக்கூடிய ஒயரை வாங்கி, ரப்பருக்குள் இருக்கும் பகுதி முழுவதையும் மாற்றுங்கள். முக்கியமான விஷயம், இணைப்புகள் ரப்பருக்குள் வரவே கூடாது. ஈயம் வைத்த இடம் விறைப்பாகிவிடும், மடியும் இடத்தில் அது இருந்தால் ஈயத்தின் ஓரத்திலேயே மறுபடி அறும். ஒரு முனை கூரைக்குள்ளும் மறு முனை கதவுக்குள்ளும் இருக்கும்படி நீளமாக எடுத்து, எல்லா இணைப்பும் ஒரே இடத்தில் குவியாமல் முன்னும் பின்னுமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள். கேமரா ஒயர் தனி ரகம், உறை உள்ளது, அதை வெட்டி ஒட்டாமல் முழுதாக மாற்றுவதே நல்லது.

நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஒழுங்காகச் செய்தால் மறுபடி அந்தப் பக்கம் போக வேண்டியிருக்காது.

கேள்வி: வண்டியைப் பூட்டிவிட்டு வந்தபிறகும் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. காலையில் பேட்டரி இறங்கிவிடுகிறது. தரை விரிப்பில் பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: நல்ல கண் உங்களுக்கு. அந்தத் துணுக்குகள்தான் விடை. பிரேக் பெடலின் மேல்பகுதியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். பெடல் சும்மா இருக்கும்போது அதன் குமிழை அமுக்கியபடி இருக்கும், மிதித்ததும் குமிழ் வெளியே வந்து விளக்கு எரியும். குமிழைப் போய் அமுக்குவது பெடல் தகட்டில் ஒரு துளையில் பொருத்தியிருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பொத்தான். அது பழசாகி நொறுங்கிவிட்டால் குமிழ் அந்தத் துளை வழியாகவே வெளியே நீட்டிக்கொள்ளும், வண்டி யாரோ எப்போதும் பிரேக் மிதித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். இரண்டு 21 வாட் பல்ப் என்றாலே 3.5 ஆம்பியர், பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர் மணி. சாதாரண கார் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி. அந்தப் பொத்தானை மட்டும் மாற்றினால் போதும். இன்று இரவுக்குத் தற்காலிகமாக பேட்டரி நெகட்டிவைக் கழற்றி வையுங்கள்.

இதே ஸ்விட்ச் எதிர்ப்பக்கமாகக் கெட்டால் பிரேக் லைட் எதுவுமே எரியாது. நடுவில் மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டைப் பாருங்கள். அதுவும் எரியவில்லை என்றால் ஃப்யூஸ், ஸ்விட்ச் இரண்டையும் சந்தேகப்படுங்கள். அது மட்டும் எரிந்து கீழே இரண்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் ஸ்விட்ச் நன்றாகவே இருக்கிறது, பல்ப், எர்த், பின்பக்க ஒயரிங் என்று தேடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கிங்கிலிருந்து கியர் நகர மறுப்பது, க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யாதது, வழுக்கல் தடுப்பு எச்சரிக்கை விளக்கு எரிவது, இவையும் இந்த ஸ்விட்சின் வேலையாக இருக்கலாம். பல ஸ்விட்சுகளில் விளக்குக்கு ஒரு இணைப்பும் கம்ப்யூட்டருக்கு இன்னொரு இணைப்பும் இருக்கும், ஒன்று மட்டும் கெட்டுப்போவதும் உண்டு.

கேள்வி: பின்பக்கம் எல்லா பல்ப்பையும் எல்இடியாக மாற்றினேன். இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது, டேஷ்போர்டில் பல்ப் பழுது என்று எச்சரிக்கை வருகிறது. ரெசிஸ்டர் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

பதில்: எச்சரிக்கை நின்றுவிடும், உண்மைதான். ஆனால் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள். 21 வாட் இழை பல்ப் கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும், எல்இடி பல்ப் அதில் ஒரு சிறு பங்குதான். இவ்வளவு குறைவாக ஓடினால் பல்ப் அறுந்துவிட்டது என்று வண்டி முடிவுசெய்து இண்டிகேட்டரை வேகமாக அடிக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்பதுதான் முறையான வேகம், அதைத் தாண்டினால் எங்கோ ஒரு பல்ப் இல்லை என்று ஓட்டுநருக்குச் சொல்லும் ஏற்பாடு அது. ரெசிஸ்டர் என்பது கூடுதல் மின்சாரத்தை இழுத்து, பழைய பல்ப்பே இருப்பதுபோல வண்டியை நம்பவைக்கும் பொருள். அதைப் போட்டால் அந்தத் தகவலை நாமே அடைத்துவிடுகிறோம், பிற்பாடு எல்இடி நிஜமாகவே செத்தாலும் வண்டிக்குத் தெரியாது. சாதாரணமாக விற்கும் 6 ஓம் ரெசிஸ்டரில் என்ஜின் ஓடும்போது 30 வாட் அளவுக்குச் சூடு கிளம்பும். பிரேக்கை அழுத்திக்கொண்டு நெரிசலில் நின்றால் கை வைக்க முடியாது. அதைப் பிளாஸ்டிக்கில் டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பகீர் என்கிறது.

வெளிச்ச விஷயமும் இருக்கிறது. உள்ளே இருக்கும் பிரதிபலிப்பான் இழை இருக்கும் இடத்தை வைத்து வடிவமைத்தது. எல்இடி பல்ப்பின் சில்லுகள் வேறு இடத்தில் இருப்பதால் நேராகப் பார்த்தால் கண்ணைக் குத்தும், கொஞ்சம் பக்கவாட்டில் வந்தால் மங்கும். சிலவற்றில் டெயிலுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே தெரியாது. பல நாடுகளில் இப்படி மாற்றுவதற்கு அனுமதியும் கிடையாது. எல்இடிக்கு ஒரு நிஜமான நன்மை உண்டு, இழை சூடாகி முழு வெளிச்சத்துக்கு வருவதைவிட சுமார் 0.2 வினாடி முன்பே அது எரிந்துவிடும், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பின்வண்டிக்கு அது ஐந்தரை மீட்டர். அந்த நன்மை வேண்டுமென்றால் உங்கள் மாடலுக்கென்றே தயாரித்து அங்கீகாரம் பெற்ற முழு எல்இடி லேம்ப் கிடைக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பழைய இழை பல்ப்புக்கே திரும்புங்கள், நான் அதைத்தான் சொல்வேன்.

கேள்வி: புது மாடல் எஸ்யூவி. டெயில் லைட் கப்ளரில் 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4 வோல்ட்தான் காட்டுகிறது. பல்ப்பைக் கழற்றிப் பார்த்தால் எதுவுமே வரவில்லை. ஒயர் போய்விட்டதா?

பதில்: போகாமலும் இருக்கலாம். இப்போதைய பல வண்டிகளில் விளக்குகளை ஸ்விட்ச் நேரடியாக இயக்குவதில்லை, பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர் இயக்குகிறது. சிலவற்றில் ஒரே இழையை டெயில் லைட்டாகவும் பிரேக் லைட்டாகவும் பயன்படுத்துவார்கள். டெயிலுக்கு மின்சாரத்தை மிக வேகமாக விட்டுவிட்டு அனுப்பி மங்கலாக எரியவைப்பார்கள், பிரேக் மிதித்தால் முழுதாக அனுப்புவார்கள். விட்டுவிட்டு வரும் மின்சாரத்தின் சராசரியைத்தான் உங்கள் மீட்டர் 4 என்று காட்டுகிறது. பல்ப் இல்லையென்று கண்டுகொண்டால் கம்ப்யூட்டர் அந்த லைனையே நிறுத்திவிடும், காலி ஹோல்டரில் அளப்பதில் பயனில்லை. பல்ப்பைப் போட்டு, கப்ளரின் பின்பக்கமாக அளந்து, நன்றாக எரியும் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே எண் என்றால் அந்த 4 வோல்ட் சரியானதே.

இன்னொன்று. சில வண்டிகளில் ஒரே லைனில் திரும்பத் திரும்ப ஷார்ட் ஆனால் கம்ப்யூட்டர் அதைப் பூட்டிவிடும், ஷார்ட்டைச் சரிசெய்த பிறகும் எரியாது. பாடி மாட்யூலைப் படிக்கக்கூடிய ஸ்கேனரால் அதை ரீசெட் செய்ய வேண்டும். என்ஜின் கோளாறை மட்டும் படிக்கும் சின்னக் கருவிக்கு இது கண்ணிலேயே படாது.

கேள்வி: ரிவர்ஸ் லைட் ஒரு பக்கம்தான் எரிகிறது. பனிமூட்ட விளக்கும் அப்படியே.

பதில்: கோளாறு என்று முடிவுகட்டும் முன் எரியாத பக்கத்தில் பல்ப் ஹோல்டரே இருக்கிறதா என்று பாருங்கள். பின் பனிமூட்ட விளக்கு ஒன்று போதும் என்று விதி அனுமதிப்பதால் பல வண்டிகளில் ஓட்டுநர் பக்கம் மட்டுமே இருக்கும், ரிவர்ஸ் லைட்டும் சில மாடல்களில் ஒன்றுதான். ஹோல்டரும் ஒயரும் இருந்தால் மட்டும் மேலே சொன்னபடி தேடுங்கள்.

கேள்வி: மழைக்குப் பிறகு லேம்ப்புக்குள் ஆவி படிகிறது. வாரண்டியில் கேட்டால் இது சகஜம் என்கிறார்கள்.

பதில்: மெல்லிய மூட்டமாகப் படிந்து, விளக்கு கொஞ்ச நேரம் எரிந்ததும் போய்விட்டால் அவர்கள் சொல்வது சரி. லேம்ப்புக்குக் காற்றுத்துளை உண்டு, உள்ளே இருக்கும் ஈரக் காற்று குளிரும்போது கண்ணாடியில் படியும். ஆனால் சொட்டு சொட்டாக நின்றாலோ அடியில் தண்ணீர் தேங்கினாலோ சகஜமில்லை, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள். வாரண்டி முடிந்த வண்டியென்றால் பின்பக்க ரப்பர் வளையத்தையும் ஓர ஒட்டையும் பாருங்கள், விரிசல் இருந்தால் கழற்றி நன்றாகக் காயவைத்த பிறகே சீலன்ட் போடுங்கள். காற்றுத்துளையை மட்டும் அடைத்துவிடாதீர்கள், ஈரம் வெளியே போக அதுதான் வழி.

கேள்வி: இரவில் பின்னால் வருகிறவர்கள் ஹார்ன் அடிக்கிறார்கள், லைட் அடித்துக் காட்டுகிறார்கள். இறங்கிப் பார்த்தால் டெயில் லைட் எரியவில்லை. ஆனால் முன்னால் வெளிச்சம் இருக்கிறது, டேஷ்போர்டும் எரிகிறது. வீட்டில் வந்து ஸ்விட்ச் போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக எரிகிறது!

பதில்: உங்கள் வண்டியில் எந்தப் பழுதும் இல்லை, ஆனால் இந்தப் பக்கத்தில் இருக்கும் எல்லாக் கேள்வியையும்விட எனக்குக் கவலை தருவது இதுதான். முன்னால் எரிவது பகல்நேர விளக்கு. என்ஜின் ஓடினாலே அது தானாக எரியும், பல வண்டிகளில் அப்போது பின்னால் எதுவும் எரியாது. டேஷ்போர்டும் எப்போதும் ஒளிர்வதால், தெருவிளக்கு உள்ள சாலையில் ஹெட்லைட் போடாததே ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. இருட்டில் பின்பக்கம் துளி வெளிச்சமில்லாமல் ஒரு பெரிய வண்டி போய்க்கொண்டிருக்கும். கனடாவில் இதற்காகவே 2021 செப்டம்பர் முதல் புதிய வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தார்கள்: பகல்நேர விளக்கோடு டெயில் லைட்டும் எரிய வேண்டும், அல்லது இருட்டினால் எல்லா விளக்கும் தானாக எரிய வேண்டும், அல்லது விளக்கு போடும்வரை டேஷ்போர்டு இருட்டாகவே இருக்க வேண்டும்.

உங்கள் ஸ்விட்சில் ஆட்டோ நிலை இருந்தால் எப்போதும் அதிலேயே விடுங்கள், வண்டியைக் கழுவக் கொடுத்து வாங்கியதும், வேறு யாராவது ஓட்டிய பிறகும் அது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டோவிலும் நம்பிக்கை முழுதாக வைக்க வேண்டாம், பகல் மழையிலும் பனியிலும் வானம் வெளுப்பாக இருப்பதால் அது பல நேரம் எரியவைக்காது, நீங்களே போட வேண்டும். டேஷ்போர்டில் இரண்டு சின்ன விளக்குகள் முதுகோடு முதுகாக நிற்பதுபோல ஒரு பச்சைக் குறி உண்டு. பல வண்டிகளில் அது தெரிந்தால் டெயில் லைட் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

கேள்வி: தனியாளாக இருக்கும்போது பின்விளக்குகளை எப்படிச் சோதிப்பது?

பதில்: இருட்டிய பிறகு வண்டியின் பின்பக்கத்தை ஒரு சுவருக்குச் சில அடி தூரத்தில் நிறுத்துங்கள். டெயில், பிரேக், இரண்டு இண்டிகேட்டர் எல்லாம் சுவரில் விழும் வெளிச்சமாக, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரியும், ஒரு பக்கம் மங்கினாலும் உடனே தெரிந்துவிடும். மேலே இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டும் நம்பர் பிளேட் விளக்கும் சுவரில் சரியாகத் தெரியாது, அதற்கு செல்போனைப் பின்னால் சாய்த்து வைத்து வீடியோ ஓடவிட்டு வந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். டெயில் லைட் போட்டபடி பிரேக் மிதிப்பது, அதோடு இண்டிகேட்டரும் போடுவது என்று சேர்த்துச் சேர்த்துப் பாருங்கள், எர்த் கோளாறு தனித்தனியாகப் போட்டால் ஒளிந்துகொள்ளும். ரிவர்ஸ் லைட்டுக்கு என்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சாவியை மட்டும் ஆன் செய்து ரிவர்ஸ் கியர் போடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே கூடாது, அந்த நேரத்தில் வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கவும் கூடாது.